ஒரே டேக்கில் வந்த அழுகை

திண்டுக்கல்லில் முதியோர் நாடகக் குழு ஒன்றை நடத்துகிறேன். மேடைச் செலவுக்கு உதவ வந்த நிறுவனம் உருக்கமான வீடியோ கேட்டது. எங்கள் ராஜா வேஷக்காரர் காதர் பாய், ஓய்வுபெற்ற கண்டக்டர். செம்பட்டியிலிருந்து மகன்தான் அவரை பைக்கில் கூட்டிவருவார். அவரிடம் போய், “பார்க்க நாதியில்லைன்னு சொல்லுங்க பாய், அப்பத்தான் உதவி கிடைக்கும்” என்றேன்.

“அதுவும் நடிப்புதானப்பா” என்று சிரித்தவர், ஒரே டேக்கில் அழுதுவிட்டார்.

உதவி கிடைத்தது. வீடியோ ஊரெல்லாம் சுற்றி மகனின் போனுக்கும் போனது. நடிப்பென்று நானே போய்ச் சொல்லியும் அவர் நம்பவில்லை. நாடகத்தன்று பாய் பஸ்ஸில் தனியாக வந்தார். மகனுக்குப் போட்டிருந்த நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடந்தது. திரை விழுந்ததும் கிரீடத்தைக் கழற்றியபடி கேட்டார்:

“நான் அம்புட்டு நெசமாவா நடிச்சுப்புட்டேன்?”

இப்போதும் உதவி கேட்டு எழுத உட்காரும்போதெல்லாம், கிரீடத்தைக் கையில் பிடித்தபடி அவர் என் எதிரே நிற்கிறார், பதிலுக்காக.