யாருக்கு அம்மா ஜாடை

அம்மா காய்ச்சலில் போன மறுவருடம், உலு யாமிலிருந்து பெரியம்மா எங்களைப் பார்க்க வந்தார். அப்பா புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தார். அக்கா, நான், தம்பி மூவரும் அவரோடு தொழிலாளர் லயத்தில் இருந்தோம். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. எங்களில் ஒருவரை அழைத்துப்போய் வளர்ப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார். யாரை என்பதையும் வந்த அன்றே அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

“என் தங்கச்சி ஜாடை எந்தப் புள்ளகிட்ட இருக்கோ, அதக் குடுத்துடுங்க தம்பி. அவ முகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது.”

அம்மாவை யாரும் படம் பிடித்ததில்லை. அந்த முகத்தைத் தேட எங்கள் மூன்று முகங்களை விட்டால் வேறு இடம் கிடையாது.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அப்பாவை விட்டுப் போக ஆசையே இல்லை. ஆனாலும் பெரியம்மா என்னைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தவித்தேன். காலையிலேயே முகம் கழுவி, அம்மாவைப் போல நடுவகிடு எடுத்து, அவள் வைப்பதைவிடப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு நின்றேன்.

பெரியம்மா அக்காவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண் அப்படியே அவள் கண் என்றார். தம்பியின் சுருள்முடிக்குள் விரலை விட்டு, இதுவும் அவளுடையதுதான் என்றார். என்னிடம் வந்து வெகுநேரம் தேடினார். நெற்றி, மூக்கு, காது மடலைக்கூட விடவில்லை. பிறகு கன்னத்தைத் தட்டி, நீ உங்கப்பனை உரித்து வைத்திருக்கிறாய் என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அழுதுகொண்டு லயத்துக்குப் பின்னால் போனேன். அங்கே அப்பா ரப்பர் கன்றுகள் வளர்த்தார். அம்மா சீவிய நிரையில் ஒரு மரம் இருந்தது. மற்ற மரங்களில் பால் பிடிக்கும் மங்கு பாதி நிறையும்போது அதில் பால் வழிந்துவிடும். அம்மா போனபின் அப்பா அதன் விதைகளைப் பொறுக்கிவந்து ஊன்றியிருந்தார். எல்லாம் அந்த மரமாகவே வரும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் ஒன்று நெடுநெடுவென்று போனது. ஒன்று குட்டையாகவே நின்றுவிட்டது. இன்னொன்றுக்கு இலை மட்டும் அகலம். தோட்டக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் அவற்றைப் பார்த்து அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“விதையை நம்பினா இப்பிடித்தான் வரும். அதே மரம் வேணுமெண்டா அதின்ர மொட்டை எடுத்து வேற கன்றில ஒட்ட வேணும். புதுத் தோட்டங்களில இப்ப அப்பிடித்தான் செய்யினம்.”

மனிதர்களுக்கும் அப்படி ஒட்ட முடியுமா என்று கேட்டேன். கிராணி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

பல வருடம் கழித்து, பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் என் மகள் எனக்கு இதை விளக்கினாள். தாயின் உடலில் கருமுட்டை உருவாகையில் நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், ஜோடி ஜோடியாகச் சேர்ந்து, தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிறகு பிரிந்துவிடுமாம். ஜோடியில் ஒன்றுதான் முட்டைக்குள் போகும். எது போகும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். தகப்பனிடமிருந்து வருவதும் அப்படிப் பாதியாகித்தான் வருகிறது. ரப்பர் விதைக்கும் இதே கதைதான். ஒடுக்கற்பிரிவு என்று அதற்குப் பெயர் சொன்னாள். ஆக, அக்காவுக்குக் கிடைத்த அளவு அம்மா எனக்கும் கிடைத்திருந்தாள், வேறொரு பாதியாக. அன்று அதைச் சொல்ல யாருமில்லை.

மறுநாள் பெரியம்மா அக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பினார். பெரிய ரோடு வரை மாட்டு வண்டி, அங்கிருந்து பஸ். நான் கோபத்தில் அடுப்படியை விட்டு வரவில்லை. ஆனால் வண்டி நகரும் சத்தம் கேட்டதும் தாங்க முடியாமல், உள்ளேயிருந்தே கத்தினேன்.

“அக்கா, பாத்துப் போ. வெயில்ல நிக்காத.”

வண்டி நின்றது. பெரியம்மா இறங்கி வாசலுக்கு ஓடிவந்தார். அடுப்படியில் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தடவை சொல் என்றார். சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மாவும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அக்காவைப் பிரிகிற என்னை நினைத்து அழுகிறார் என்று எண்ணினேன்.

என்னையும் கூட்டிப் போகிறேன் என்று பெரியம்மா கெஞ்சினார். அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அப்பா, மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிமிராமலே சொன்னார்.

“இவ எங்கிட்டயே இருக்கட்டும் மதினி.”

அதன்பின் வேலை முடிந்து வந்ததும் அப்பா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, ஏதாவது பேசு என்பார். என்ன பேச என்றால், கோழியைத் திட்டு, தம்பியைக் கூப்பிடு, எதையாவது சொல் என்பார். நான் அந்த முதுகைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருப்பேன். அம்மா ஜாடை இல்லாத என் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.