பூனையைப் பார்க்க வந்த கோழி டாக்டர்

காலை எட்டரை மணிக்கு மகளின் பூனை தள்ளாடி விழுந்தது. அவள் சென்னையில் படிக்கிறாள். சர்க்கரை நோயுள்ள பூனையை என்னை நம்பித்தான் விட்டுப் போயிருந்தாள். வழக்கம்போல் இன்சுலின் போட்டிருந்தேன்.

எருமப்பட்டிப் பக்கத்துக் கோழிப்பண்ணைகளைப் பார்க்கும் கால்நடை டாக்டர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். போன் செய்து, இன்சுலின் போட்டதையும் பூனை விழுந்ததையும் சொன்னேன்.

"ஈறுல தேனைத் தடவுங்க. தொண்டையில ஊத்திராதீங்க. வாரேன்" என்றார்.

ஒல்லியான மனிதர், நெற்றியில் நாமம். நான் பதறி நிற்க, அவர் வாசல் குழாயில் நிதானமாகக் கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பண்ணைக்குப் பண்ணை நோய் கொண்டுபோகக் கூடாதென்று வந்த பழக்கம். பூனையின் காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஊசி போட்டார். சற்று நேரத்தில் பூனை தலையைத் தூக்கியது.

"காலையில என்ன தின்னுச்சு?"

"புரட்டாசிங்க, வீட்டுல கவிச்சி இல்லை. தயிர்சோறு வெச்சேன், மோந்துட்டுப் போயிருச்சு. ஊசி நேரம் தவறக்கூடாதுன்னு போட்டுட்டேன்."

"ஏனுங்க, பெருமாள் பூனைகிட்டயுமா விரதம் கேட்டாரு? திங்கலைன்னா ஊசி போடாம என்னைக் கூப்பிடுங்க."

எனக்கு இன்னும் அந்தக் காலையின் பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவரை நினைத்தால் மனம் நிறைகிறது. அவரும் புரட்டாசியில் கவிச்சி தொடாதவர். இருந்தும் மறுநாள் ஊசி நேரத்துக்கு முன்பே, உப்பில்லாமல் வேகவைத்த கோழியை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"ஊட்டுக்குள்ள கொண்டாரலைங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க, பூனைச்சாமியை மட்டும் வெளிய அனுப்புங்க" என்றார்.