மாப்பிள்ளை கார் சார்ஜுக்குப் போனது

கடையநல்லூரில் முகம்மது சலீமுக்கு யாராவது சலாம் சொன்னால், பதில் சலாமோடு பேட்டரியைப் பற்றியும் கொஞ்ச நேரம் கேட்டாக வேண்டும். துபாயில் பல வருடம் அடுத்தவர் காரை ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர், சொந்தமாக வாங்கியது மின்சாரக் கார். வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது. அந்த நெசவுத் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது. மாடி ஜன்னல் வழியாக ஒயரை இறக்கி, வாசலில் நிற்கும் காருக்குக் கொடுப்பார்.

மனைவி மாஜிதாவுக்கு அந்தக் கார்மேல் நம்பிக்கை இல்லை. அவள் தம்பி முஃபீதின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் இந்தக் காரில்தான் என்று சலீம் அறிவித்ததும், அவளும் அறிவித்தாள்.

"எந்தம்பிய நடுரோட்டுல நிக்க வச்சீங்கன்னா மறுநாளே வண்டிய வித்துரணும்."

"வித்துருதேன்" என்றார் சலீம், தோற்கவே முடியாதவர்போல.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். மேற்பார்வை சலீம். "பந்தக்கால நெருக்கி ஊணுலே, காத்துல ஆடும்" என்று நின்று நடவைத்துவிட்டு, குவைத்திலிருந்து வரும் மாமாவைக் கூட்டிவரத் திருவனந்தபுரம் போனார். மாலையில் திரும்பியபோது பேட்டரி அடிமட்டத்தைத் தொட்டிருந்தது. கார் தெருமுனையைத் தாண்டவில்லை. தான் நெருக்கி ஊன்றச் சொன்ன கால்களைப் பார்த்து ஹார்ன் அடித்தார். ஒயர் பாதித் தெருவுக்கே எட்டியது. எக்ஸ்டென்ஷன் பெட்டிகளெல்லாம் சீரியல் லைட்டுக்குப் போயிருந்தன.

போனில் தேடினால் பக்கத்தில் இரண்டு சார்ஜர்கள். ஒன்று பழுது. மற்றது குற்றாலத்தில், ஒரு விடுதி வாசலில்.

மறுநாள் காலையில் மாலையும் கோட்டுமாக இருந்த முஃபீதை முன்னால் ஏற்றி, மாஜிதாவைப் பின்னால் உட்காரவைத்து, நிக்காஹ் நடக்கும் தென்காசி மண்டபத்துக்கென்று சீக்கிரமே கிளம்பினார். ஏசி போடவில்லை.

"மச்சான், தென்காசி மண்டபம் தாண்டிருச்சி" என்றான் முஃபீத், வேர்வையைத் துடைத்தபடி.

"தெரியும் மாப்ள. ஒரு சின்ன வேல."

சீசன் கூட்டத்தை நீந்திக் கடந்தால், சார்ஜர் இருந்தது. அதை மறித்து ஒரு லோடு வண்டியும் இருந்தது. சார்ஜருக்குப் போட்ட கூரையின் கீழே அடுப்பு மூட்டி, சுரண்டையிலிருந்து குளிக்க வந்த கூட்டம் கறி கிண்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க. சார்ஜ் போடணும்."

கரண்டியோடு நின்ற மாடக்கண்ணு, உச்சியிலிருந்து எண்ணெய் வழியத் திரும்பினார். "செல்லுக்கா? அங்கன டீக்கடையில கேளுங்க."

"காருக்கு."

"சாவி டிரைவர்ட்ட இருக்கு. அவன் அருவிக்குப் போயிட்டான். தண்ணி கூடிருச்சின்னு போலீசு யாரையும் விடமாட்டேங்குது. குளிக்காம வரமாட்டான் அந்தப் பய."

"கார் விற்பனைக்குன்னு ஒரு போர்டு எழுதிரலாமா?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

மாடக்கண்ணு காருக்குள் குனிந்தார். மாலை கண்ணில் பட்டது.

"ஏலே, உள்ள மாப்பிள்ளல்லா இருக்காரு! எல்லாரும் வாங்கலே!"

எண்ணெய் பூசிய பத்துப் பேர் லோடு வண்டியைத் தள்ளினார்கள். வண்டி நகரும் முன் கைகள் வழுக்கின. ஒருவர் வழுக்கி விழுந்தே விட்டார். மண்ணை அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டு மறுபடி தள்ளினார்கள். வண்டி ஒதுங்கியது. சார்ஜரும் பச்சை விளக்குக் காட்டியது. பேட்டரி ஏறும் நேரத்தில் மாப்பிள்ளை, கோட்டின் மேல் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு கரண்டி கறி சாப்பிட்டான்.

நிக்காஹுக்கு நேரத்தோடு போய்விட்டார்கள். கார் சத்தமில்லாமல் வந்து நின்றதால் வரவேற்க நின்றவர்கள் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையே கதவைத் திறந்து இறங்கினான்.

சாப்பாட்டுக்குப் பிறகு சலீம் மெதுவாக மனைவியிடம் வந்தார். "நின்னுச்சா?"

"நிக்கல. ஊரச் சுத்திச்சு."

"அப்போ வண்டி?"

"வச்சித் தொலைங்க."

சலீம் நிமிர்ந்து நின்றது கொஞ்ச நேரம்தான். முஃபீத் சந்தோஷமாக வந்து தோளில் கை போட்டான்.

"மச்சான், சத்தமே இல்லாம என்னமா போவுது! நானும் இதே காருதான் புக் பண்ணப் போறேன். எங்க வீடு சந்துக்குள்ள கெடக்கு. ஒங்க ஜன்னல்லருந்து ஒயரு விட்டுக்கிடுதேன், என்ன?"

சலீம் அவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். டீசல் காரில் உள்ள நன்மைகளை வாழ்க்கையில் முதல்முறையாக எடுத்துச் சொல்லத் தொடங்கினார். மிக விரிவாகச் சொன்னார்.