கனடா பைலில் கட்டப்படாத என் வீடு

நான் குடியிருக்கும் வீடு கட்டப்படவே இல்லை என்று கனடாவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைப் படித்தபோது அந்த வீட்டின் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தேன். கையில் காபி. சந்தேகத்துக்கு ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். கூரை இருந்தது.

டெக்சஸில், பிளானோவைத் தாண்டி டோல்வே என்கிற சுங்கச்சாலையில் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினால் வரும் சின்ன ஊரில் எங்கள் வீடு. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக இங்கே வந்த கனடாக்காரர் ஒருவர், தன் ஊர் ஆர்கிடெக்ட் ஒருவரிடம் வரைபடம் வாங்கிக் கட்டியது என்று எங்களுக்கு விற்றவர் சொன்னார். தட்டைக் கூரை, பூசாத கான்கிரீட் சுவர், ஒல்லியாக நீண்ட ஜன்னல்கள். நான்கடி பனி விழுந்தாலும் தாங்குகிற கூரையாம். எங்கள் ஊரில் ஒரு விரற்கடை பனி விழுந்தாலே பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பார்த்தவுடனே, "ஏனுங்க, சப் ரிஜிஸ்டிரார் ஆபீசாட்ட இருக்குது" என்றாள் என் மனைவி. வாசல் கிழக்கே பார்த்திருந்ததால் மட்டும் சம்மதித்தாள்.

வாங்கி இரண்டு வருஷம் அந்த வீட்டோடு எனக்கு ஒரு வம்பும் இல்லை. பிறகு ஈரோட்டில் அம்மா போய்விட்டார். அப்பாவுக்கு ஏற்கெனவே பக்கவாதம் வந்து வலதுகால் போயிருந்தது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து கம்பம் கம்பமாக ஏறி இறங்கிய மனிதர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். நான் ஒரே பிள்ளை. விசிட்டர் விசாவில் ஆறு மாதம் எங்களோடு இருக்கட்டும் என்று டிக்கெட் போட்டேன்.

அவருக்கென்று பின்பக்க அறையை ஒதுக்கினோம். அதற்கு அடுத்தாற்போலவே குளியலறை. ஆனால் நடுவில் ஒரு சுவர். குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் ஹாலைச் சுற்றி, மூன்று படி ஏறி, ஒரு இடுக்கு வழியாகப் போய், மறுபடி மூன்று படி இறங்க வேண்டும். சக்கர நாற்காலி போகாது. அந்தச் சுவரை உடைத்து ஒரு கதவு வைத்தால் அப்பா படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறி நேராகக் குளியலறைக்குள் போய்விடலாம், யார் தயவும் வேண்டாம். அவர் கேட்டதும் அது ஒன்றைத்தான். "குளிக்க வைக்க ஆள் வேண்டாஞ்சாமி. அது ஒண்ணு மட்டும் பார்த்துக்க" என்றார் போனில்.

சுவரை உடைக்க சிட்டியில் பர்மிட் வேண்டும். பர்மிட் தர, அந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அழைத்து வந்த எஞ்சினியர் சுவரை இரண்டு தட்டு தட்டினார். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிய வேண்டுமானால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். உடைக்க பர்மிட் வேண்டுமே என்றேன். ஆமாம், அதற்குத்தான் மூல வரைபடம் இருந்தால் சௌகரியம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சிட்டியில் வரைபடம் இல்லை. அவ்வளவு பழைய வீடுகளுக்குக் கோப்பே இல்லையாம்.

விற்றவர் கொடுத்த காகிதக்கட்டில் அந்த ஆர்கிடெக்டின் அலுவலகக் கடிதம் ஒன்று கிடைத்தது. இணையத்தில் தேடினேன். அவர் காலமாகிவிட்டார், அவருடைய வரைபடங்கள், கடிதங்கள், பில்கள் எல்லாம் கனடாவில் ஒரு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த நாட்டு நவீனக் கட்டடங்களின் சரித்திரமே அங்கே பெட்டி பெட்டியாக இருக்கிறது. பட்டியலில் எங்கள் வீடும் இருந்தது. துள்ளிக் குதித்து விண்ணப்பம் போட்டேன். அதற்கு வந்த பதில்தான் முதலில் சொன்ன மின்னஞ்சல்.

அவர்கள் விதிப்படி ஒரு வீட்டின் வரைபட நகலை, பழுது பார்க்கும் வேலைக்கென்று, அந்த வீட்டின் உரிமையாளருக்கு மட்டும்தான் தருவார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்கு நேராக, 'நிலை: கட்டப்படவில்லை' என்று போட்டிருந்தது. கட்டப்படாத வீட்டுக்கு உரிமையாளர் எப்படி இருக்க முடியும்? காப்பகத்து அம்மாள் மிகவும் வருத்தத்தோடு எழுதியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, 'அப்படியானால் நான் வருஷா வருஷம் சொத்து வரி கட்டுவது எந்த எழவுக்கு?' என்று அடித்து, அழித்துவிட்டு, மரியாதையாக ஒரு பதில் போட்டேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவே இல்லை. ஆபீஸ் என்றால் இப்படித்தான் இருக்கும் என்கிற ஞானம் அவருக்கு உண்டு.

"ஏண்டா, நா உசுரோட இருக்கறேன்னு வருசா வருசம் பென்சன் ஆபீசுல போயி மூஞ்சியக் காட்டிட்டு வர்றனில்ல? அவிய எதுத்தாப்பல உக்காந்துக்கிட்டு 'நா உசுரோட இருக்கறேன்'னு எழுதிக் கையெழுத்தும் போடறேன். அதையாட்ட வீட்டுக்கும் ஒண்ணு போடு."

"வீட்டுக்கு எப்படீங்ப்பா போடறது?"

"எல்லாத்தையும் மூணு செட் ஜெராக்ஸ் எடு. அட்டஸ்டேசன் வாங்கு. போட்டோ வை. பத்தலீன்னு சொல்றதுக்கு அவனுக்கு எடமே குடுக்கப்படாது."

நான் அவர் வளர்த்த பிள்ளை. பத்திரம், வரி ரசீது, தண்ணீர் பில், கரண்ட் பில், பாஸ்போர்ட்டின் வெற்றுப் பக்கங்கள் உட்பட எல்லாம் மூன்று செட். நோட்டரியிடம் போய், 'கீழே கையொப்பமிட்டுள்ள நான், கீழ்க்கண்ட வீடு உள்ளது என்றும், நான் அதற்குள் இருக்கிறேன் என்றும் உறுதியளிக்கிறேன்' என்று எழுதி முத்திரை வாங்கினேன். நோட்டரி பெண்மணி இரண்டு தடவை படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். போட்டோவுக்குக் கிரகப்பிரவேச ஆல்பம் முழுவதையும் வைத்தேன். பால் பொங்குவது, பூசணிக்காய் உடைப்பது, வந்தவர்கள் வாழையிலையில் சாப்பிடுவது, எல்லாம்.

ஆல்பத்தில் ஒரு பசு இருந்தது. கிரகப்பிரவேசத்துக்குப் பசு வேண்டும் என்று சாஸ்திரிகள் சொன்னதால் பக்கத்துப் பண்ணையில் சொல்லிவைத்தேன். சாஸ்திரிகள் மனதில் இருந்தது நம்மூர் மாடு. பண்ணைக்காரர் டிரெய்லரில் ஏற்றி வந்தது டெக்சஸ் மாடு. இந்தப் பக்கம் ஒரு கொம்பு, அந்தப் பக்கம் ஒரு கொம்பு, நடுவே ஒரு கட்டில் போடலாம். வலதுகாலை எடுத்து உள்ளே வந்த மாடு, இரண்டு கொம்பு நுனியும் இரண்டு பக்க நிலையில் முட்ட, அப்படியே நின்றுவிட்டது. முன்னே போகவில்லை, பின்னேயும் போகவில்லை. சாஸ்திரிகள் ஜன்னல் வழியாக மந்திரம் சொன்னார். அந்தக் கணத்தை எங்கள் போட்டோகிராபர் பதினேழு கோணத்தில் எடுத்திருந்தார்.

பத்து நாளில் பதில் வந்தது. பத்திரத்தைப் பற்றியோ நோட்டரியைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. 'அந்த மாட்டின் கொம்புகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று தெரியுமா?' என்று கேட்டிருந்தார் காப்பகத்து அம்மாள்.

அவர்களிடம் இருந்த வரைபடங்களில் முன்பக்கத் தோற்றம் மட்டும்தான் விரித்த நிலையில் இருந்ததாம். மற்றவை ஐம்பது வருஷம் சுருட்டியே கிடந்தவை. சட்டென்று பிரித்தால் அப்பளம் போல் உடையும், ஈரக்காற்றுப் பெட்டியில் வைத்து நாள்கணக்கில் மெல்ல நிமிர்த்த வேண்டும். அந்த ஒரு தாளில் வாசற்கதவு வழக்கத்துக்கு மாறான அகலத்தில் இருந்தது. மாட்டின் கொம்பு அகலமும் வாசல் அகலமும் ஒத்துப்போனால் வீடு இதுதான் என்று அவர் நம்பத் தயார். டேப் வைத்து நானே வாசலை அளந்து அனுப்புகிறேன் என்றேன். உரிமை கோருபவர் எடுத்த அளவை எடுத்துக்கொள்ள முடியாது, படத்தில் இருப்பதைத்தான் சான்றாகக் கொள்ள முடியும் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான்.

பண்ணைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் நல்ல மனிதர், காரணம்கூடக் கேட்கவில்லை. அளந்து சொல்லிவிட்டு, இரண்டு வருஷத்தில் கொம்பு கொஞ்சம் வளர்ந்திருக்கும், ஒரு கை அகலம் கழித்துக்கொள் என்றார். கழித்து எழுதினேன். ஒத்துப்போயிற்று. 'நிலை: கட்டப்பட்டது' என்று பட்டியலை மாற்றினார்கள். எங்கள் போட்டோவையும் அந்த ஆர்கிடெக்டின் ஆவணங்களோடு சேர்த்து, 'முன்வாசல், பசுவுடன். பசு கட்டடத்தின் பகுதி அல்ல' என்று கீழே குறிப்பும் எழுதினார்கள். சுருண்ட தரைத்தள வரைபடம் நிமிர்ந்ததும் நகல் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அதற்குள் அப்பா வந்திறங்கிவிட்டார்.

கராஜில்தான் குளிக்க வைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, வாளி, தோட்டத்துக் குழாய். அப்பா கண்ணை இறுக மூடிக்கொள்வார். இடுப்பில் துண்டைப் பிடித்த கையை விடவே மாட்டார். முதல் நாள், "லாரியக் கழுவறாப்பல கழுவாதடா" என்று கிண்டல் செய்தார். மூன்றாம் நாளிலிருந்து கிண்டலும் இல்லை. "இன்னிக்கு வேண்டாம், குளுருது" என்பார். வெளியே நூறு டிகிரி வெயில்.

ஒரு நாள் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா காத்தாலருந்து தண்ணியே குடிக்கறதில்லீங்க. சொம்பு வெச்சது வெச்சபடி இருக்குது. ஒவ்வொருக்காவும் பாத்ரூமுக்கு உங்களக் கூப்புடோணும்னுதான்."

அன்றைக்கே சிட்டி அலுவலகத்துக்குப் போனேன். காப்பகமே ஒத்துக்கொண்டாயிற்று, பர்மிட்டைக் கொடுங்கள் என்று சத்தம் போடுகிற முடிவோடு போனேன். அங்கே எனக்காக ஒரு கடிதம் காத்திருந்தது. காப்பகத்து அம்மாள் சந்தோஷம் தாங்காமல் எங்கள் ஊர்ப் பாரம்பரியக் கட்டடக் குழுவுக்கு எழுதிவிட்டார். அந்த ஆர்கிடெக்ட் கனடாவுக்கு வெளியே கட்டிய ஒரே வீடு இதுதானாம், இத்தனை காலம் தெரியாமல் போயிற்றாம். ஆகவே குழு ஆராய்ந்து முடிக்கும்வரை வீட்டில் ஓர் ஆணி அடிக்கக் கூடாது, எந்தச் சுவரையும் தொடக் கூடாது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் அதை மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதினேன். 'மதிப்புக்குரிய அம்மா, என் முந்தைய கடிதங்கள் யாவும் தவறானவை. தீர விசாரித்ததில் இந்த வீடு கட்டப்படவில்லை என்று அறிகிறேன். பசு வேறொரு வாசலில் மாட்டிக்கொண்டது. அருள்கூர்ந்து பட்டியலைப் பழையபடி மாற்றும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.' மனைவி தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். "இதுக்கும் நோட்டரி வேணுமாக்கும்?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு. நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

மறுநாள் காப்பகத்து அம்மாளே வீடியோவில் கூப்பிட்டார். வெள்ளை முடி, கையில் பஞ்சுக் கையுறை, என்னைவிடக் குழம்பிய முகம். வீடு இருக்கிறதா இல்லையா, இரண்டில் எதை நான் நம்பட்டும் என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் வேண்டாம் என்றேன். அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை.

அப்போது பின்னால் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஆபீஸ் அம்மாள் பேசுகிறார் என்று அப்பா வேட்டிக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"குட் மார்னிங் மேடம். ஐ ஆம் ரிட்டயர்டு லைன் இன்ஸ்பெக்டர். மை சன் இஸ் டெல்லிங் லை. ஹவுஸ் இஸ் தேர், வெரி குட் ஹவுஸ். ஒன் வால் ஒன்லி ப்ராப்ளம். பிகாஸ் ஆஃப் வால், மை சன் இஸ் கிவ்விங் பாத் டு மீ. ஐ டோன்ட் லைக், மேடம். கைண்ட்லி டூ தி நீட்புல்."

எந்தச் சுவர், காட்டுங்கள் என்றார் அந்த அம்மாள். அப்பா மடியில் போனை வைத்துக்கொண்டு நாற்காலியை அறைக்கு உருட்டினார், சுவருக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் கேமரா ஆடியது. அந்த அம்மாள் ஏதோ கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். தரைத்தள வரைபடம் இன்னும் முழுதாக நிமிரவில்லை, ஒரு வாரம் ஆகும், விதிப்படி தொடக் கூடாது என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு, பாதி சுருண்ட தாளின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அங்கே சுவரே இல்லை" என்றார்.

ஆர்கிடெக்ட் அந்த இடத்தில் அகலமான திறப்புதான் வரைந்திருந்தார். அறையும் குளியலறையும் ஒரே மட்டத்தில், நடுவில் ஒரு சறுக்குக் கதவு. பிறகு வந்த ஏதோ ஒரு குடித்தனக்காரர் அடைத்துவிட்டிருக்கிறார். அந்தச் சுவர் எதையும் தாங்கவில்லை.

அடுத்த வாரம் பாரம்பரியக் குழுவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. மூல வடிவத்தைக் கெடுக்கும் அந்தச் சுவரை உரிமையாளர் உடனடியாக அகற்ற வேண்டும், தாமதித்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று மிரட்டியிருந்தார்கள். என்னமோ நான் அந்தச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுத மாதிரி.

கதவு போட்டு முடித்த அன்று காலை அப்பா துண்டு, சோப்பு, எண்ணெய்க் கிண்ணம் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உருண்டு போனார். கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

நான் வெளியே நின்றேன். விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பதைப்பாக இருந்தது. கதவில் காதை வைத்தேன். தண்ணீர் விழும் சத்தம்.

"யாரு அங்க நிக்கறது?"

"நாந்தானுங்ப்பா."

"ஆபீசுக்கு நேரமாகலியா? போ."

"சரிங்ப்பா" என்றேன். போகவில்லை. மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். நான் அழுவதைப் பார்த்ததும் அவளும் அழுதாள். அப்பா ஒரு மணி நேரம் குளித்தார். வெந்நீர் தீர்ந்து, பச்சைத் தண்ணீரிலும் குளித்தார். நாங்கள் கதவைத் தட்டவில்லை.