துண்டு தேவையில்லாத மாத்திரை

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் நிற்கும் முன்னே கூடையை எடுக்கவிடாதவள் பிரேமலதா. அந்த விஷயத்தில் கணக்கப்பிள்ளையே அவளிடம் வாய் கொடுக்கமாட்டார். இரண்டு பெண் குழந்தைகளையும் வயிற்றில் சுமந்துகொண்டு மலையேறியவள். இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாள்.

மாமியார் ஜெயம்மாவுக்கோ பேரன் வேண்டும். மிட்வைஃப் மிஸ் பிரேமலதாவுக்குப் பிரஷர் பார்த்து, உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று கருத்தடை மாத்திரை கொடுத்தார். கொடுத்தது தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வைத்து; அங்கே ஆயா வேலை பார்ப்பவரே ஜெயம்மாதான். அன்று சாயந்தரமே மாத்திரை அட்டை காணாமல் போனது. கணவன் சுமனிடம் சொன்னாள். அம்மா சொல்வதைக் கேட்டால் என்ன என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அந்த மாத்திரைக்கு டாக்டர் எழுதித் தரும் துண்டு தேவையில்லை, பார்மசியிலேயே வாங்கலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். தோட்டத்துப் பெண்கள் இதற்கென்று இரத்தினபுரிக்குப் பஸ் ஏறுவார்கள். பக்கத்து டவுனான பலாங்கொடையில் எல்லாம் தெரிந்த முகங்கள். பிரேமலதா ஞாயிற்றுக்கிழமை பலாங்கொடையிலேயே இறங்கினாள்.

பார்மசியில் நின்றவன் தனுஷன். அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவன், சுமனோடு கிரிக்கெட் ஆடுபவன். அவள் கேட்டதும் குரலைத் தாழ்த்தினான்.

“துண்டு இருக்காக்கா?”

“இதுக்குத் துண்டு வேணாம்.”

“அப்ப அண்ணன ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்.”

அவளுக்கு முன்னால் நின்ற ஆளுக்கு, துண்டும் இல்லாமல் ஒரு கேள்வியும் இல்லாமல், ஆன்டிபயட்டிக் அட்டையில் பாதியை அவன் வெட்டிக் கொடுத்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

“இப்ப போனாரே, அவரு பொஞ்சாதிய கேட்டுட்டா குடுத்த?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். தனுஷன் முகம் சிவந்தது.

“நாளைக்கு அண்ணன் என்னையில்ல கேப்பாரு?”

“கேட்டா, அக்கா வந்து வாங்கிட்டுப் போனாங்கன்னு சொல்லு. நானும் வீட்டுல அதத்தான் சொல்லப்போறேன்.”

காசைக் கண்ணாடி மேசை மேல் வைத்துவிட்டு அவள் அசையவில்லை. வரிசை வாசல்வரை நீண்டது. பின்னால் நின்ற சிங்களப் பெண், கொடுத்து அனுப்பு தம்பி என்று தன் மொழியில் அதட்டினாள். அவன் மாத்திரையை எடுத்துப் பத்திரிகைத் தாளில் சுற்றப் போனான். சுற்ற வேண்டாம் என்று சொல்லி அப்படியே வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் ஜெயம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். பிரேமலதா அட்டையை அவர் கண் முன்னாலேயே பிரித்தாள்.

“எங்க வாங்கின?”

“பலாங்கொடையில, தனுஷன்கிட்ட. இதையும் தூக்கிப் போட்டீங்கன்னா திரும்பவும் அவன்கிட்டத்தான் போவேன் அத்தை. எத்தன தடவன்னாலும்.”

“வெக்கங்கெட்டவ.”

“ஆமாங்க அத்தை” என்றாள் பிரேமலதா. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.