முத்தையாபுரம் ரோடு வேலையும் ஒரு ஆரன் சத்தமும்

அன்றைக்கு அந்த வாடகைக் காரில் இருந்தவர்கள்: முன்னால் டிரைவர் சுடலை, அம்புரோஸ் மாமா. பின்னால் அம்மா, தங்கச்சி ரோஸ்லின், நான். எழுபதுகளில், புதுத் துறைமுகத்துக்காக ரோடு போட்டுக்கொண்டிருந்த சமயம். வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து தூத்துக்குடியில் சித்தி வீட்டுக்குப் போனோம், நாற்பது கிலோமீட்டர் இருக்கும். ரோஸ்லினுக்கு நிச்சயம். சித்தி பேசி முடித்த இடம். மாப்பிள்ளை வீட்டாரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

முத்தையாபுரத்தில் ரோட்டின் வலது பாதியைத் தோண்டிப்போட்டுத் தார் டிரம்களை நிறுத்தியிருந்தார்கள். எதிர்ப்பக்கத்தை மறித்துவிட்டு எங்கள் பக்கத்தைத் திறந்தார் கொடிக்காரர். இடது வரிசை உப்பு லாரிகளோடு நீளமாக நின்றது. எங்கள் திசையிலேயே வலது பக்கமாக வந்தவர்களும் டிரம் வரைக்கும் வந்து, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று நுழைந்தார்கள். சண்டை இல்லாமல் நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற லாரி போனதும், வலது பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் கார் மூக்கை நுழைத்தது.

"விடாதலே சுடலை! நாம இம்புட்டு நேரம் நிக்கோம், இவன் நோகாம நுழையுதானா?"

"அண்ணாச்சி, ஒண்ணு விட்டு ஒண்ணுதான் விடுதாவ. இப்ப அவுக முறை."

"வாடகை நான் குடுக்கேன். முறையை நீ சொல்லுதியா?"

மாமா கையை நீட்டி ஆரனை அழுத்தியபடியே இருந்தார். பயந்துபோய் சுடலை வண்டியை எடுத்துவிட்டான். அந்தக் கார் ஒதுங்கி டிரம்மில் இடித்து, சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. அதற்குள்ளே பழத்தட்டோடு ஒரு அம்மா சரிந்தார். "எறங்கி நடந்து வாங்கடே!" என்று மாமா கத்தினார்.

சித்தி வீட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சேலையெல்லாம் செம்மண். அதே பழத்தட்டு. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"அந்த டிரைவர் பய பண்ணுன வேலை" என்றார் மாமா. சுடலை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

காப்பித் தட்டோடு வந்த ரோஸ்லின் நின்றாள். "ஏன் மாமா பொய் சொல்லுதிய? ஆரன் அடிச்சது நீங்கதான?"

அந்த அம்மா அவள் கையிலிருந்து காப்பியை வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தார். "பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா எம் மவன் வீட்டு விசேஷத்துல எல்லாம் இந்த மாமன்தான வந்து முன்னால நிப்பாரு?" என்று எழுந்துவிட்டார். தட்டும் கூடவே போனது.

போன மாதம் பேரன் காரில் அதே வழியாகப் போனேன். இப்போதும் ரோடு வேலை, இப்போதும் ஆரன். போகிறவர்கள் கேளுங்கள். பலகை கண்டதும் வேகத்தைக் குறையுங்கள். முன்னால் ஒரு கார் அளவு இடம் விடுங்கள். இரண்டு வரிசையும் குறுகும் இடம் வரைக்கும் போகலாம், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. அங்கே ஒன்று விட்டு ஒன்று. அடுத்தவர் முறையில் ஆரனைத் தொடாதீர்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

சுடலை மேல் எனக்குக் கோபமில்லை. அந்த அம்மா மேலும் இல்லை. கல்லறைத் திருநாளில் எங்கள் வீட்டார் எல்லாக் கல்லறைக்கும் மெழுகுதிரி கொளுத்துவார்கள். நான் ஒன்றை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். அது அம்புரோஸ் மாமாவுடையது.