சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும்

என் மாமனார் எந்தப் பொருளையும் சும்மா வாங்கியதில்லை. மிக்ஸி வாங்கப் போனபோது வீட்டிலேயே உளுந்தை ஊறவைத்து எடுத்துப் போய், கடைக்காரரை அரைத்துக் காட்டச் சொன்னவர் அவர். அப்படிப்பட்டவர் தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் வீடியோ கேமரா வாங்கப் போவதாக அறிவித்ததும், எந்தக் கடைக்காரர் மாட்டப்போகிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

கேமராவுக்குக் காரணம் மாமியாரின் கால். எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டின் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்து, கைத்தடியோடு விந்தி விந்தி நடந்துகொண்டிருந்தார். இந்தச் சேதி அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த என் நாத்தனாருக்குத் தெரியக் கூடாது என்பது அவர் உத்தரவு.

"அவ காதுல விழுந்தா அடுத்த ப்ளேன்ல வந்து நிப்பா. கடைசிப் பரீட்சை கெட்டுப் போயிடும். யாராவது வாயைத் திறந்தேளோ, அப்பறம் நான் பொல்லாதவளாயிடுவேன்."

யாரும் திறக்கவில்லை. ஆனால் டெலிபோன் கூடத்தில் இருந்தது. முன்பெல்லாம் மணி அடித்தால் முதலில் ஓடி வருகிறவர் மாமியார்தான். இப்போது அறையிலிருந்து தடியை ஊன்றி அவர் வந்து சேர்வதற்குள் மகளின் படிப்புச் செலவெல்லாம் போன் பில்லாகக் கரைந்துவிடும். அதனால், "அம்மா கோவிலுக்குப் போயிருக்கா" என்று சொல்லிவைத்தோம். எந்தக் கிழமை, எந்த வேளையில் கூப்பிட்டாலும் அம்மா கோவிலில்தான். ஒரு கட்டத்தில் நாத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது.

"மன்னி, அம்மா சன்னியாசம் வாங்கிண்டுட்டாளா? ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கோ. எனக்கு அம்மாவைக் கண்ணால பாக்கணும்."

இப்படித்தான் நானும் மாமனாரும் பாண்டி பஜாரில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் போய் நின்றோம். என் கணவர், வீட்டில் எது நடந்தாலும் அன்றைக்கு ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருக்கும் பாக்கியசாலி. கடைக்காரர் இருப்பதிலேயே குறைந்த விலை மாடலை எடுத்துக் காட்டினார்.

"ஊட்டுக்கு இது போதும் சார். சும்மா ஒரு பட்டன்தான் கீது. கொயந்த கூட எடுக்கும். ரெண்டு நாள் வச்சுப் பாருங்க, புடிக்கலைன்னா கொண்டாந்துடுங்க. இந்த ஓட்டையில கண்ண வச்சீங்கன்னா ஓரத்துல செவப்பு லைட்டு தெரியும். செவப்பு எரிஞ்சா..."

மாமனார் கையை உயர்த்தினார். "சிகப்பைப் பத்தி எனக்குச் சொல்லாதேப்பா. வாழ்க்கை பூரா ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவன் நான்."

கடைக்காரர் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார். எங்கள் குடும்ப வரலாற்றில் அந்த அரை வாக்கியத்துக்கு ஒரு முக்கிய இடம் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் பரிசோதனை ஆரம்பித்தது. கேமராவை ஒரு கையில் தூக்கிப் பார்த்தார். அடுத்த கையில் ஒரு தேங்காயைத் தூக்கிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார். பால்கனியில் நின்று கோபுரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "கிளி தெரியறது! பொம்மைக்குப் பின்னால உக்காந்துண்டு இருக்கு!" என்று கத்தினார். கீழே போய்க்கொண்டிருந்த இருவர் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

பிறகு மாமியாரைப் படம் எடுக்கும் கட்டம். பட்டுப் புடவையும் வைரத்தோடுமாக நாற்காலியில் உட்கார்ந்து அவர் பீன்ஸ் நறுக்கினார். உட்கார்ந்து பூத் தொடுத்தார். உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்தார்.

"இப்படி உக்காந்துண்டே இருந்தா அவளுக்குச் சந்தேகம் வராதா அம்மா?" என்றேன். அதனால் சமையல் மேடையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நின்றபடி சாம்பாரையும் கிளறினார். வலியை அடக்கிக்கொண்டு சிரித்ததில் அந்தச் சிரிப்பு கல்யாணப் பெண்ணின் சிரிப்புப் போல உறைந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் மாமனார் பட்டனை அமுக்குவார். கேமராவின் முகப்பிலும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். "சிகப்பு போட்டாச்சு. இனிமே தாராளமா நடக்கலாம்" என்பார். மாமியார் தடியை எடுத்துக்கொண்டு, "அப்பாடா, ராமா" என்று முனகியபடி அடுத்த இடத்துக்கு விந்திப் போவார். கேமரா மாமனாரின் கழுத்தில் தொங்கும், அல்லது சாப்பாட்டு மேஜையில் மாமியாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். அவர் போய்ச் சேர்ந்து, தடியை ஒளித்து, முந்தானையைச் சரிசெய்ததும் மறுபடி பட்டன். விளக்கு அணையும். "லைன் க்ளியர்! ம், சிரி!"

எடுத்ததை ஓட்டிப் பார்க்கலாமே என்று நான் சொல்லாமல் இல்லை. எங்கள் பழைய டிவியில் ஆண்டெனா செருகும் துளையைத் தவிர வேறு துளை கிடையாது. கேமராவில் கண் வைக்கும் அந்தச் சின்ன ஓட்டையிலாவது பார்க்கலாம் என்றால், "டேப்பைப் பின்னால ஓட்டினா அழிஞ்சு போயிடும்" என்று மாமனார் அதைத் தொடவே விடவில்லை. ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமல், "முதல் தரமான கேமரா" என்று அதற்கு நற்சான்று கொடுத்துவிட்டார்.

நம் ஊர் கேசட் அமெரிக்க டிவியில் ஓடாது என்று கடைக்காரரே அதை அந்த ஊர் முறைக்கு மாற்றிக் கொடுத்தார். அதைக் கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினார்.

"சார், நடுவுல நடுவுல வெறும் தரையா வருது."

"மொசைக் தரை. போன வருஷம்தான் பாலிஷ் போட்டோம்" என்றார் மாமனார் பெருமையாக. கேமராவுக்கும் அன்றே விலை கொடுத்தாயிற்று. எதிர் ஃப்ளாட்டில் யாரோ அமெரிக்கா கிளம்ப, கேசட்டும் கிளம்பியது.

அதற்கப்புறம் ஒருநாள் காலை, நான் காப்பிக்கு டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நாத்தனாரின் குரல் தழுதழுத்தது.

"மன்னி, அம்மா எங்கே? கோவில்னு மட்டும் சொல்லாதீங்கோ."

நான் சமாளிக்கப் பார்த்தேன். "ஏம்மா, கேசட்ல நன்னாத்தானே..."

"அதுல பீன்ஸும் இல்ல, பூவும் இல்ல மன்னி. தரை வரது, அப்பா வேஷ்டி வரது. அம்மா தடியை ஊனிண்டு நொண்டி நொண்டிப் போறா. 'மெதுவாப் போ, சிகப்பு எரியறது, ஒண்ணும் தெரியாது'ன்னு அப்பா சொல்லிண்டே இருக்கார். 'அமெரிக்கா மகாராணி ஒருத்திக்காக இத்தனை நாடகமா'ன்னு நீங்க சொன்னதும் நன்னாக் கேட்டுது."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அதற்குள் சத்தம் கேட்டு மாமியார் அறையிலிருந்து புறப்பட்டுவிட்டார். தடியின் ஓசை நெருங்கி வரும்வரை அந்தப் பக்கம் நாத்தனார் காத்திருந்தாள். மாமியார் ரிசீவரை வாங்கிய கையோடு சண்டையை ஆரம்பித்தார்.

"நீ கிளம்பி வந்தியோ, வாசக் கதவையே திறக்க மாட்டேன். பரீட்சையை எழுது!"

எதிர்ப்பக்கம் அவள் பேசப் பேச மாமியாரின் முகம் மாறியது. ரிசீவரை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"டிக்கெட் வாங்கி வச்சிருந்தாளாம். நான் படுத்த படுக்கையா கிடக்கேன், நீங்கள்லாம் மறைக்கறேள்னு நினைச்சுண்டு ராத்திரியெல்லாம் அழுதாளாம். 'நொண்டினாலும் நடக்கறயேம்மா'ன்னு சொல்றா. டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துட்டா. பரீட்சை முடிச்சுட்டுத்தான் வருவாளாம்."

நாங்கள் ஜோடித்த காட்சிகள் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால், பட்டுப் புடவையோடு நாற்காலியில் ஒட்டவைத்தது போன்ற அம்மாவைப் பார்த்துவிட்டு அவள் அன்றைக்கே விமானம் ஏறியிருப்பாள். இது புரியாமல் மாமனார் ஒரு மூலையில் நின்றிருந்தார். சிவப்பு எரியும்போதுதான் கேமரா படம் பிடிக்கும் என்று தெரிந்ததில், தன் ஸ்டேஷனிலேயே சிக்னல் தவறிவிட்டது போன்ற வருத்தம் அவருக்கு. கடைசியில் மெல்ல வாயைத் திறந்தார்.

"கலரெல்லாம் எப்படி வந்திருக்காம்?"

மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் பட்டுப் புடவை கிடையாது. வழக்கமான நூல் புடவையோடு மாமியார் தன் அறை வாசலில் தடியை ஊன்றி நின்றார்.

"ஏன்னா, கேமராவைக் கொண்டு வாங்கோ. சிகப்பு எரியறதா?"

"எரியறது."

"அணைக்காதீங்கோ."

அறையிலிருந்து கூடத்து டெலிபோன் வரைக்கும் நடந்தார். நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி நடந்தார். போன் மேஜையைத் தொட்டதும் மூச்சு வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்தார்.

"பாத்தியாடி? இனிமே மணி அடிச்சா நானே வந்து எடுப்பேன். சித்த நாழியாகும். வச்சுடாதே."